பாய்லருக்குள் யார் எட்டிப் பார்ப்பது: சென்சாரா, தொழிலாளியா?

மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் போனை மறந்து வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? 'சூடு அதிகமாகிவிட்டது, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்' என்று திரையில் ஓர் எச்சரிக்கை வரும். அதன் பிறகு போன் எதற்கும் அசையாது. அறுபது, எழுபது டிகிரி சூட்டுக்கே அதன் கதி அதுதான்.

அந்த போனுக்கு சார்ஜ் ஏற்றும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. இந்தியாவின் மொத்த மின் உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் நிலக்கரியின் பங்கு. அந்த நெருப்புக்கு நடுவிலும் சென்சார்கள் இருந்தாக வேண்டும். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், தீ ஒழுங்காக எரிகிறதா என்பதை அவைதான் சொல்ல வேண்டும். அவை சொல்லாவிட்டால் யார் சொல்வது? இந்தியாவில் இதற்குக் கிடைக்கும் பதில் அத்தனை நல்லதாக இல்லை. சென்சார் போக முடியாத இடத்துக்கு ஒரு மனிதர் போகிறார்.

வெள்ளிக் கோளைவிட மோசமான இடம்

சூரியக் குடும்பத்தில் கருவிகளுக்குக் கொடுமையான இடம் என்று வெள்ளிக் கோளைச் சொல்வார்கள். அதன் தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ் வெப்பம். காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் 90 மடங்கு. 1982இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனேரா-13 விண்கலம் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. அதுவே பெரிய சாதனை.

இப்போது ஒரு சாதாரண 210 மெகாவாட் அனல்மின் அலகை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் பிரதான நீராவிக் குழாயில் வெப்பம் சுமார் 540 டிகிரி. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு. உலைக்குள் தீ எரியும் இடத்தில் 1,300 டிகிரிக்கும் மேல். புதிதாகக் கட்டப்படும் சூப்பர்கிரிட்டிக்கல் நிலையங்களில் நீராவியின் வெப்பமும் அழுத்தமும் இன்னும் கூடுதல்.

சூடு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். அந்தச் சாம்பலில் மணல்போன்ற கடினமான துகள்கள் ஏராளம். புகைவாயுவோடு சேர்ந்து அவை வேகமாகப் பாயும்போது, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் எந்த உலோகத்தையும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிடும். கூடவே கந்தக வாயுக்களின் அரிப்பு, ஓயாத அதிர்வு. வெனேரா இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும். இங்கே இருக்கும் சென்சாரோ அடுத்த ஓவர்ஹால் வரை, மாதக்கணக்கில், தாங்க வேண்டும்.

செத்த சென்சாரைவிட ஆபத்தானது

சூட்டை அளக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்துச் சூடாக்கினால் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் தாமஸ் சீபெக் 1821இல் கண்ட விளைவு இது. இருநூறு ஆண்டு பழைய தத்துவம். விலையும் குறைவு, சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதிக வெப்பத்தில் நாள்கணக்கில் கிடந்தால் கம்பியின் உலோகக் கலவையே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அப்போது அது காட்டும் எண்ணும் மெதுவாக நகர ஆரம்பிக்கும். 'டிரிஃப்ட்' என்பார்கள். கம்பி அறுந்துபோனால் கன்ட்ரோல் ரூம் திரையில் உடனே தெரிந்துவிடும். பத்து டிகிரி குறைத்துக் காட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனால் பாய்லர் குழாய்களின் ஆயுளில் பத்து, பதினைந்து டிகிரி சின்ன விஷயமில்லை. வடிவமைத்த வெப்பத்தைவிட அந்த அளவு கூடுதலாகத் தொடர்ந்து ஓடினால் குழாயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

உலையின் அழுத்தத்தை அளப்பதிலும் இதே கதை. உலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடத் துளி குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீயும் புகையும் வெளியே சீறும். இதை அளக்கச் சுவரில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாய் வழியாகக் கருவிக்கு இணைப்புக் கொடுப்பார்கள். அந்தத் துளையைச் சாம்பல் அடைத்துவிட்டால்? திரையில் எண் அப்படியே ஆடாமல் அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு 'எல்லாம் சீராக இருக்கிறது' என்றுதான் தோன்றும்.

இதற்குத்தான் முக்கியமான இடங்களில் மூன்று சென்சார் வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் நம்பும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று துளைகளையும் ஒரே சாம்பல் அடைத்தால் மூன்றும் ஒரே பொய்யைச் சொல்லும். பொய்க்கு மெஜாரிட்டி கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

கண் இல்லாத இடங்கள்

இவை சென்சார் இருக்கும் இடங்கள். இல்லாத இடங்கள்தான் உண்மையான கவலை.

பல பாய்லர்களில் உலைக்குள் எரியும் வாயுவின் வெப்பத்தை எந்நேரமும் நேரடியாக அளப்பதில்லை. தொடங்கும்போது ஒரு நீண்ட கம்பியை உள்ளே நீட்டி வெப்பத்தைப் பார்ப்பார்கள். சுமார் 540 டிகிரி வந்ததும் கம்பி உருகாமலிருக்க அதை வெளியே இழுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே நடப்பதை, வெளியே வரும் நீராவியையும் புகைவாயுவையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். நோயாளியைத் தொட முடியாமல், அவர் மூச்சை மட்டும் கேட்டு வைத்தியம் பார்ப்பதுபோல.

உலையின் அடியில் சாம்பல் உருகிக் கட்டிதட்டுகிறதா என்று பார்ப்பது யார்? பெரும்பாலும் பார்வைத் துளை வழியாக எட்டிப் பார்க்கும் ஒரு தொழிலாளி. கட்டி சேர்ந்துவிட்டால் இரும்புக் கம்பியால் குத்தி உடைப்பதும் அவரே. அதாவது அங்கே சென்சாரும் அவர்தான், சரிசெய்யும் கருவியும் அவர்தான்.

2017 நவம்பர் 1. உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்தில் என்டிபிசியின் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையம். 500 மெகாவாட் திறன்கொண்ட 6ஆவது அலகு, அந்த ஆண்டுதான் ஓடத் தொடங்கியது. உலையின் அடியில் சாம்பல் கட்டிதட்டியிருந்தது. அலகு முழுதாக நிறுத்தப்படாத நிலையில் அதை அகற்றும் வேலை நடந்தது. திடீரென்று சுமார் 20 மீட்டர் உயரத்தில் பாய்லரின் ஒரு மூலை திறந்துகொள்ள, கொதிக்கும் வாயுவும் நீராவியும் சுற்றியிருந்தவர்கள்மீது பாய்ந்தன. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வலி தெரியும். 2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 6ஆவது அலகில் பாய்லர் விபத்து. 8 பேர் காயமடைந்தார்கள், அவர்களில் சிலர் பிறகு மருத்துவமனையில் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் 5ஆவது அலகில் மறுபடியும். 6 பேர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். அவர்களிலும் பலர் பிறகு பிழைக்கவில்லை. விபத்து நேர்ந்தபோது பாய்லர் ஓட்டத்தில் இல்லை, மீண்டும் இயக்குவதற்கான பணிகள் நடந்துகொண்டிருந்தன.

இந்த விபத்துகளுக்கெல்லாம் சென்சார்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. பராமரிப்பு, நடைமுறை, நிர்வாக முடிவு என்று பல இழைகள் இவற்றில் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம் பொதுவானது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே அவர்கள் அதன் பக்கத்தில் நின்றார்கள்.

இப்போது ஏன் இந்த அவசரம்?

சூரிய மின்சாரம் வளர வளர, நிலக்கரி நிலையங்களின் வேலை மாறிக்கொண்டிருக்கிறது. நண்பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது, அப்போது நிலக்கரி நிலையம் குறைத்து ஓட வேண்டும். மாலை ஆறரை மணிக்கு வெயில் போய், வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓட ஆரம்பித்ததும் அதே நிலையம் மளமளவென்று ஏற வேண்டும். தினமும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

மத்திய மின்சார ஆணையம் 2023 ஜனவரியில் இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. அலகின் திறனில் 40 சதவீதம் வரை சுமையைக் குறைத்து ஓட்டும் நிலைக்கு நிலக்கரி நிலையங்கள் படிப்படியாக வர வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற, இறங்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 70 சதவீதத்துக்கு மேல் என்றால் நிமிடத்துக்கு 3 சதவீதம்.

தூய எரிசக்திக்கு இடம்விட இது தேவைதான். ஆனால் நாட்டில் உள்ள பல அலகுகள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. அங்கே இருக்கும் ஐந்து 210 மெகாவாட் அலகுகளும் இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் ஓடிய பழைய லாரியை இப்போது நகர டிராஃபிக்கில் நின்று நின்று ஓட்டச் சொல்வதுபோல்தான் இது.

தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறினால் கனமான உலோகம் விரிந்து சுருங்கி களைத்துப்போகும். குறைந்த சுமையில் தீ நிலையாக எரியாது, அணையப் பார்க்கும். அணைந்த தீக்குள் நிலக்கரித் தூள் தொடர்ந்து போய்ச் சேர்ந்து, பிறகு ஒரே நேரத்தில் பற்றினால் அதுதான் உலை வெடிப்பு. தீ இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிளேம் ஸ்கேனர், தீ இல்லை என்று தெரிந்த சில விநாடிகளில் எரிபொருளை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். நிறைச் சுமைக்கு ஏற்றபடி அமைத்த ஸ்கேனர், மங்கலாக எரியும் தீயைச் சரியாகப் படிக்குமா? 40 சதவீதத்துக்கு இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு அலகிலும் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை

'இவ்வளவு சூட்டுக்குள் எதை வைக்க முடியும்?' என்ற கேள்விக்கு உலகம் பல பதில்களைக் கண்டுவைத்திருக்கிறது.

ஒன்று, ஒலி. சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும். உலையின் ஒரு சுவரில் ஒலியை எழுப்பி, எதிர்ச் சுவரில் அது வந்துசேரும் நேரத்தை அளந்தால் நடுவில் இருக்கும் வாயுவின் வெப்பம் தெரிந்துவிடும். நெருப்புக்குள் எதையும் நீட்ட வேண்டியதே இல்லை. குழாயில் சிறு துளை விழுந்து நீராவி கசியும் சத்தத்தைக் காதுக்குக் கேட்கும் முன்பே பிடிக்கும் ஒலிக் கருவிகளும் இருக்கின்றன.

இரண்டாவது, நீலக்கல். நகையில் பதிக்கும் அதே பொருளைச் செயற்கையாக வளர்த்து இழையாக இழுக்கிறார்கள். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பிவரும் ஒளியின் மாற்றத்தை வைத்து வெப்பத்தைக் கணக்கிடலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியுதவியோடு விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நிலக்கரியை வாயுவாக்கும் உலைகளுக்காக இதில் நீண்டகாலம் ஆய்வு செய்தது. இந்தியாவிலும் ஒளியிழை ஆய்வில் அனுபவமுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் கொல்கத்தாவில் இருக்கிறது.

மூன்றாவது, சிலிக்கான் கார்பைடு சிப். வழக்கமான சிலிக்கான் சிப் 125 டிகிரிக்கு மேல் தடுமாறும். நாசாவின் கிளென் ஆய்வு மையம் உருவாக்கிய சிலிக்கான் கார்பைடு சுற்றுகள், வெள்ளிக் கோளின் சூழலை உருவாக்கிய கலத்துக்குள் 521 மணி நேரம் வேலை செய்தன. வெனேரா தாங்கியது இரண்டு மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாய்லர் செய்வதில் இந்தியாவுக்கு அனுபவம் குறைவா என்றால் அதுவும் இல்லை. நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குப் பல பத்தாண்டுகளாக பாய்லர் செய்து அனுப்புவது திருச்சி பெல் நிறுவனம். பாய்லர் உள்ளூரில் பிறக்கிறது. அதன் கண்ணும் காதும் ஏன் உள்ளூரில் பிறக்கக் கூடாது?

'போகப்போகிற நிலக்கரிக்கு எதற்குச் செலவு?'

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு என்று இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்துவிட்டது. நாளை மூடப்போகும் நிலையத்தில் இன்று ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? அந்தப் பணத்தில் பேட்டரி வாங்கலாமே?

பேட்டரி வாங்கத்தான் வேண்டும். ஆனால் இன்று நாட்டில் 2 லட்சம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி நிலையங்கள் நிற்கின்றன. அவை ஒரே நாளில் மறையாது, இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அதுவும் முன்னைவிட முரட்டுத்தனமாக, முன்னைவிட வயதான உடம்போடு. இறங்குமுகத்தில் இருக்கும் தொழிலில்தான் பராமரிப்புச் செலவில் முதலில் கைவைப்பார்கள். 'மூடப்போறதுதானே, இருக்கிறதை வச்சு ஓட்டுங்க' என்ற பேச்சு வந்தால், அந்த மிச்ச ஆண்டுகளின் ஆபத்து முழுவதும் பாய்லர் பக்கத்தில் நிற்பவர் தலையில்தான் விழும். நிலக்கரியிலிருந்து நியாயமாக விலகுவது என்றால், வேலை இழப்பவர்களுக்கு மாற்று வழி காட்டுவது மட்டுமல்ல. கடைசி நாள் வரை வேலைக்குப் போனவர் வீடு திரும்புவதும் அதில் சேர்த்திதான்.

சென்சார் சொன்னால் யார் கேட்பது?

கருவியை வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. சென்சார் அலாரம் அடிக்கும்போது அதைக் கேட்கும் மனநிலையும் வேண்டும்.

ஒரு 500 மெகாவாட் அலகு ஒரு நாள் நின்றால் 1.2 கோடி யூனிட் மின்சாரம் போச்சு. யூனிட்டுக்கு 4 ரூபாய் என்று வைத்தாலும் 4.8 கோடி ரூபாய். மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிப்படி, பொதுவாக ஆண்டில் 85 சதவீதம் தயார்நிலையில் இருந்தால்தான் நிலையத்துக்கு நிலையான செலவு முழுதாகக் கிடைக்கும். இந்தக் கணக்கு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். சந்தேகமான அலாரம் ஒன்று வந்தால் அவர் மனதில் முதலில் ஓடுவது, 'சென்சார்தான் கோளாறா இருக்கும், கொஞ்சம் பார்ப்போம்' என்பதாக இருந்தால் ஆச்சரியமில்லை. அடிக்கடி பொய் சொல்லும் சென்சார் இந்தப் பழக்கத்தை இன்னும் வளர்க்கும். கடைசியில் அந்த சிக்னலையே தற்காலிகமாக 'பைபாஸ்' செய்துவிட்டு ஓட்டுவார்கள். தற்காலிகம் சில நேரம் மாதக்கணக்கில் நீளும்.

அதனால் செய்ய வேண்டியவற்றை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, எந்த அலகையும் 40 சதவீதச் சுமைக்கு இறக்கும் முன்பு அதன் சென்சார்கள் அந்தச் சுமையில் உண்மை சொல்கின்றனவா என்று வெளியாரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அதற்கான செலவைக் கட்டணத்தில் சேர்க்க ஒழுங்குமுறை ஆணையங்கள் அனுமதிக்க வேண்டும்.

இரண்டாவது, பைபாஸ் செய்யப்பட்ட ஒவ்வொரு பாதுகாப்பு சிக்னலுக்கும் பெயர், தேதி, கையொப்பம், முடிவு நாள் வேண்டும். நாள் முடிந்தால் அலகு நிற்க வேண்டும்.

மூன்றாவது, உலைக்குள் என்ன நிலை என்று கருவி சொல்லாதபோது ஓடும் பாய்லரின் திறப்புக்குப் பக்கத்தில் ஆளை அனுப்பக் கூடாது. தெரியவில்லை என்றால் நிறுத்து. விதி இவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் அலகை நிறுத்திய ஊழியரிடம் பிறகு விளக்கம் கேட்டுத் துளைக்கக் கூடாது.

நான்காவது, விபத்து விசாரணை அறிக்கைகள் முழுமையாகப் பொதுவெளிக்கு வர வேண்டும். ஊஞ்சாஹார் கற்றுக்கொண்டது மேட்டூருக்கும் தெரிய வேண்டும், நெய்வேலி கற்றது ராமகுண்டத்துக்கும் போக வேண்டும். 1923ஆம் ஆண்டின் பழைய கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளில் இதற்கெல்லாம் இடம் கொடுக்க இது நல்ல நேரம்.

ஒரு சென்சாரை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கோப்பில் அதன் விலை இருக்கும், ஆயுள் இருக்கும், மிச்சமாகும் நிலக்கரியின் கணக்கு இருக்கும். இன்னும் ஒரு வரியை அதில் சேர்க்க வேண்டும்: இந்தக் கருவி இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு யார் போக வேண்டியிருக்கும்? அதற்கு 'ஒப்பந்தத் தொழிலாளி' என்பது பதிலாக இருந்தால், அந்தக் கோப்பில் வாங்காமலிருக்க வேறு காரணம் தேடக் கூடாது.